ஏழாம் வீட்டின் இரண்டாவது பெயர்

2023 செப்டம்பர் 4, திங்கட்கிழமை, மாலை 6 மணி 40 நிமிடம். வீடுகள் 12. தேவையான கையெழுத்து 6. கையில் இருப்பது 6.

அன்புள்ள ஹெஸ்டர் அத்தைக்கு,

சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்பாள் அம்மா. சௌக்கியமா? எனக்கு இடது முழங்கால் வலி. காரணம் ஐம்பத்து நான்கு படிகள். விஷயத்துக்கு வருகிறேன்.

நம் எல்வர்டன் ஹவுஸ் அடுக்குமாடியை இனி நாங்களே நிர்வகிக்கப் போகிறோம். உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. நாம் விலைக்கு வாங்கியது சுவருக்குள் இருக்கும் வீட்டை, அதுவும் நீண்ட காலக் குத்தகையாக. கூரை, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் நில உடைமைக் கம்பெனியுடையவை. அவர்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று நாம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பாதி வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி நோட்டீஸ் கொடுத்தால் போதும். நிர்வாகம் நம் கைக்கு வந்துவிடும்.

லிஃப்ட் நின்று பத்தொன்பது மாதம் ஆகிறது. நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் லிஃப்டை ஓட வைத்துவிட்டு வந்து, என் வீட்டுக்குப் படியேறுகிறேன். மோட்டார் அறைக்கு அவர்கள் போட்ட பூட்டு. உள்ளே இருபது நிமிடம் விட்டால் ஓட வைத்துவிடுவேன். அவர்களுடைய ஏஜென்ட் ஹார்க்கரிடம் கேட்டேன். "தம்பி, அது உங்க சொத்து இல்ல. கையை வச்சீங்கன்னா போலீசுக்குத்தான் போன் போடுவேன்" என்றார்.

முன்பொரு முறை நீங்களும் இதே முயற்சியில் இறங்கியதாகக் கீழ்வீட்டு வின்னி சொன்னார். பழைய வரைபடங்கள், காகிதங்கள் ஏதாவது வைத்திருந்தால் அனுப்புங்கள். கடலைப் பார்த்த சன்னல்களில் ஏழாம் வீட்டுச் சன்னல் ஒன்றுதான் புதிது, மற்றவை எல்லாம் உளுத்துவிட்டன. ஏன் ஒன்றை மட்டும் மாற்றினார்கள் என்பதற்குக் குறிப்பு இருக்கிறதா?

ஏழாம் வீட்டுக்காக டெஸ்மண்ட் மாமா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசி என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள், யோசியுங்கள்.

ஃப்ரேசர்


ஸ்டென்சே தீவு, ஓர்க்னி
19 செப்டம்பர் 2023

அன்புள்ள ஃப்ரேசருக்கு,

நான் நலம், கடவுளுக்கும் ஆட்டுக்கறிக்கும் நன்றி. உன் முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பைத் தேய். சிரிக்காதே, தேய்.

உன் கடிதம் எட்டு நாள் பக்கத்துத் தீவில் உட்கார்ந்திருந்தது. தபால் விமானத்தில் எட்டு இருக்கை, மூடுபனி வந்தால் அது எழும்பாது. தொலைபேசி என்னிடமும் இருக்கிறது. கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்றால் கேட்கும். கோழிகள் ஒட்டுக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

காகிதங்களை அனுப்புகிறேன். 1936-ஆம் வருடத்து வரைபடம் அடியில் இருக்கிறது, மடிப்பில் கிழியும், மெதுவாகப் பிரி. வின்னி இன்னும் கடலில் குளிக்கிறாளா?

இங்கே சுவர் வேலை. தீவைச் சுற்றிப் பதிமூன்று மைலுக்குக் கல்சுவர், ஆடுகளெல்லாம் அதற்கு வெளியே கடற்பாசி தின்று திரிகின்றன. புயல் வந்தால் சுவர் விழும், யார் பங்கு விழுந்ததோ அவரவர் எடுத்துக்கட்ட வேண்டும். என் பங்கு போன வாரம் விழுந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏழாம் வீட்டின் குத்தகைப் பத்திரத்தை நீ முதல் பக்கத்திலிருந்து படித்தாயா?

அன்புடன் அத்தை


2023 செப்டம்பர் 27, புதன்கிழமை, காலை 5 மணி 50 நிமிடம். வீடுகள் 12. தேவை 6. கையில் இருப்பது 5.

அன்புள்ள அத்தைக்கு,

படித்தேன். இப்போதுதான். உங்கள் நலம் விசாரிக்கும் முன்பே என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்: குத்தகைதாரர் இருவர். டெஸ்மண்ட் பிளீஸ்டேல், ஹெஸ்டர் பிளீஸ்டேல். கூட்டாக வாங்கிய வீடென்றால் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் அது ஒரு உறுப்பினர் என்று நம் கம்பெனி விதியிலேயே இருக்கிறது. அந்த விதிப் பக்கத்தை அச்செடுத்ததும் நான்தான், துளை போட்டுக் கோப்பில் செருகியதும் நான்தான்.

மாமா இருக்கிறார், மாமா வீடு என்று நினைத்துவிட்டேன். ஒரு லிஃப்டில் இரண்டு கதவு இருந்தால் இரண்டையும் சோதிப்பவன் நான்.

மாமாவிடம் கேட்டேன். "ஏன் மாமா, அத்தை பேரும் இருக்குன்னு சொல்லவே இல்ல?"

"நீ கேக்கலையே மாப்ள" என்று சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேறு வழி பார்த்தேன், இல்லை. மூன்று வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில், பதிலே போடுவதில்லை. இன்னொரு வீட்டின் உரிமையாளர் இறந்து வாரிசு முடிவாகவில்லை. இரண்டு பேருக்கு ஹார்க்கர் என்றால் பயம். மிச்சம் நீங்கள்தான்.

படிவம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திடுங்கள். ஒரு நிமிட வேலை. தபால்தலையும் ஒட்டிவிட்டேன்.

உங்கள் சுவர் நிமிர்ந்துவிட்டதா?

ஃப்ரேசர்


ஸ்டென்சே
16 அக்டோபர் 2023

அன்புள்ள ஃப்ரேசருக்கு,

நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். வாத்துக் கொழுப்பைத் தேய்த்தாயா என்று நீ எழுதவில்லை.

சுவர் நிமிர்ந்தது, நான் சாய்ந்தேன். மூன்று நாள் முதுகு வலி. என் பங்குக்குப் பக்கத்துப் பங்கு ஸ்கோலே கிழவருடையது. அவருக்கு எண்பத்திரண்டு வயது. "ஏம்மா, உன் கல்லு எல்லாம் என் பக்கமே உருளுதே, வாடகை கேப்பேன்" என்றார். "உங்க ஆடு என் தோட்டத்துல தின்ன முட்டைக்கோசுக்குக் கழிச்சுக்கலாம்" என்றேன். கடைசியில் அவர் பங்கையும் நான்தான் அடுக்கினேன்.

கடல்நாய்கள் குட்டி போட வந்துவிட்டன. ராத்திரி முழுக்கக் குழந்தை அழுவது போலச் சத்தம். புதிதாக வந்த பறவை ஆராய்ச்சிக்காரப் பெண் பயந்துபோய் என் கதவைத் தட்டினாள். அவளுக்கு உப்புமீன் சூப் கொடுத்தேன், அதற்கும் பயந்தாள்.

உனக்குக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன். ஒன்று சற்றே நீளம். எது என்று போட்டுப் பார்த்தால் தெரியும்.

படிவம் வந்தது.

அன்புடன் அத்தை


2023 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை, இரவு 7 மணி 15 நிமிடம். கையில் இருப்பது 5.

அத்தைக்கு,

காலுறைக்கு நன்றி. இடது நீளம்.

படிவம் வந்தது என்று நீங்கள் எழுதியது எனக்கும் தெரிந்த செய்தி. பதிவுத் தபாலில் அனுப்பியவன் நான்.

உங்களுக்கும் மாமாவுக்கும் இடையில் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எனக்குத் தெரிந்தவை எண்கள்தான். இரண்டாம் மாடியிலிருந்து தெருவுக்கு 36 படி. மாமா கடைசியாகத் தெருவில் நின்றது ஜூன் 11. அன்று ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பேர் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். திரும்ப ஏற்றும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார், வலியால் அல்ல. கடல் அவர் சன்னலிலிருந்து நூறு கஜம். நூற்று முப்பத்தைந்து நாளாக அவர் அதைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்.

கையெழுத்துப் போட விருப்பமில்லை என்றால் அதையாவது எழுதுங்கள்.

நலம் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரேசர்


2023 நவம்பர் 13, திங்கட்கிழமை, மாலை 5 மணி. கையில் இருப்பது 5. உங்கள் பதில் இல்லாத நாள் 20.

அன்புள்ள அத்தைக்கு,

போன கடிதத்தின் தொனிக்கு வருந்துகிறேன். எண்களுக்கு வருந்தவில்லை. உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை வின்னி வீட்டுக்குப் போனேன். எழுபத்து நாலு வயதில் இன்னும் கடலில் குளிக்கிறார், நவம்பரிலும். ஈரத் தலையோடு கதவைத் திறந்தார். நான் உட்கார்ந்ததும் ஒரு அதட்டல்: "அந்த நாற்காலியில காலை ஆட்டாத கண்ணு. அது உங்க அத்தையோடது. போறப்ப என்கிட்ட விட்டுட்டுப் போனா."

"அத்தை ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"ஏழாம் நம்பர் சன்னலைப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். அது மட்டும் புதுசு."

"அதான் காரணம். போயி உங்க மாமாகிட்டக் கேளு. நான் சொன்னா வம்பு பேசறேன்னு ஆயிடும்." சொல்லிவிட்டு ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை, தானாகவே சொல்லிவிட்டார்: "ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல அவ ஆறு கையெழுத்து வாங்கினா. இதே ஆறு. நோட்டீஸ் போக வேண்டிய வாரம், ஏழாம் வீட்டுக்குப் புதுச் சன்னலத் தூக்கிட்டு ஆளுங்க வராங்க. அப்பதான் தெரியுது, டெஸ்மண்ட் ஹார்க்கர்கிட்ட எழுதிக் குடுத்துட்டான், என் கையெழுத்த எடுத்துக்கறேன்னு. கூட்டுப் பத்திரம் பாரு, இவன் எடுத்தா அவளோடதும் போச்சு. ஆறு அஞ்சாச்சு."

மேலே போய் மாமாவிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

"ஆமா மாப்ள, சன்னலுக்கு வித்தேன். அந்தக் குளிர்காலம் உங்க அத்தைக்கு நெஞ்சுல சளி கட்டி ஒரே இருமல். பழைய சன்னல்ல விரலை விடலாம், அவ்ளோ இடுக்கு. கம்பளியத் தொங்க விட்டேன், பேப்பர் திணிச்சேன், ஒண்ணும் நிக்கல. ஹார்க்கர் வந்து, 'ஒரு கையெழுத்த வாபஸ் வாங்குங்க, வெள்ளிக்கிழமை சன்னல் வந்துரும்'னான். ராத்திரி முழுக்க அவ இருமறதக் கேட்டேன். காலைல போயி எழுதிக் குடுத்தேன்."

"இத அத்தைகிட்டச் சொன்னீங்களா?"

"அவ கேக்கலையே."

"மாமா!"

"அவ ஆறு மாசம் வீடு வீடா ஏறி எறங்கி வாங்கின கையெழுத்துடா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் காரணம் சொல்றது? சொன்னா, 'உனக்காகத்தான் பண்ணேன்'னு அவ தலையிலயே பழியப் போட்ட மாதிரி ஆயிடும். அவ பையத் தூக்கிட்டு, பறவை பாக்கப் போறேன்னா. சரின்னேன்."

இதை எழுதக்கூடாது என்றார். எழுதுகிறேன். என்னிடம் ரகசியம் வைத்தால் அது எண்ணெய் கசியும் பெட்டி மாதிரி.

இன்னொன்றும் எழுதக்கூடாது என்றார், அதை இரண்டு மாதமாக நானும் மறைத்தேன். அவருக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது. நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தார். வரும் ஜூன் பத்தாம் தேதி மறுபடி வருவார். அதற்குள் லிஃப்ட் ஓடவில்லை என்றால், தீப்பிடித்தால்கூட இவரால் இறங்க முடியாது என்று எழுதி, லான்காஸ்டரில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கிருந்து கடல் தெரியாது.

சட்டப்படி எனக்குக் குறைந்தது நாலரை மாதம் வேண்டும். கணக்கு நீங்களே போடுங்கள்.

ஃப்ரேசர்


ஸ்டென்சே
24 நவம்பர் 2023

அன்புள்ள ஃப்ரேசருக்கு,

என் முதுகு தேவலை. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன், மூன்றாவது முறை சுவருக்கு வெளியே போய் நின்று படித்தேன்.

இருமியது நான்தான். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சன்னலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. ஆட்கள் சன்னலை மாட்டிவிட்டுப் போன அன்று, "நல்லா இருக்கா?" என்று அவர் கேட்டார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கிளம்ப ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் நான் ஒரு தடவைகூட இருமவில்லை. அதையும் இப்போதுதான் யோசிக்கிறேன்.

அவர் செய்தது தப்பு. அதில் மாற்றம் இல்லை. ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினேன், லிஃப்ட் ஓடிய காலத்திலேயே கால் தேய்ந்தது. ஒவ்வொரு வீட்டிலும் டீ குடித்து, பூனையைத் தடவிக் கொடுத்து வாங்கின கையெழுத்துகள். ஆனால் கேட்காமல் பையைத் தூக்கியது நான்.

படிவம் இத்துடன். நான் கையெழுத்திட்டிருக்கிறேன். மூலையில் இருப்பது கடற்பாசிக் கறை, துடைத்தால் மை கலையும், விட்டுவிடு. அவருடைய பழைய படிவம் செல்லாது. இதில் என் பெயருக்குக் கீழே அவர் மறுபடி போட வேண்டும், மையில், வின்னி பார்க்கும்படி. இந்த முறை கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அவரிடம் சொல். அவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டாம். உன் குரலில் சொன்னால் கடுமையாகத்தான் வரும், வின்னியைச் சொல்லச் சொல்.

அன்புடன் அத்தை


2023 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை, பகல் 12 மணி 5 நிமிடம். வீடுகள் 12. தேவை 6. கையில் இருப்பது 6.

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? நாங்கள் மிக நலம். உரிமைக்கோரிக்கை நோட்டீசைச் சரியாகப் பகல் பன்னிரண்டு மணிக்கு ஹார்க்கர் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். கடலில் குளித்த கையோடு வின்னியும் சாட்சிக்கு வந்தார். வரவேற்பறைக் கம்பளம் நனைந்தது.

இடையில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டீசுக்கு முன்னால் சேராத வீடுகளுக்கு எல்லாம் அழைப்பு அனுப்ப வேண்டும், பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். அந்த அழைப்பில் உறுப்பினர் பெயர்களைப் போட்டே ஆக வேண்டும். நவம்பர் 30 அன்று கொடுத்தேன். யாரோ ஹார்க்கரிடம் காட்டிவிட்டார்கள். டிசம்பர் 6, காலை பத்தரைக்கு ஹார்க்கர் முப்பத்தாறு படி ஏறி ஏழாம் வீட்டுக்கு வந்தார், மூச்சு வாங்க. நான் அப்போது மாமாவின் சமையலறையில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரியாது.

"டெஸ்மண்ட், எவ்ளோ நாளாச்சு! சன்னல் எப்படி இருக்கு?"

"சன்னலுக்கென்ன, நல்லா இருக்கு."

"பாருங்க, நானே முதலாளிகிட்டப் பேசிட்டேன். லிஃப்டு. அடுத்த வாரமே ஆள் வந்துரும். கிறிஸ்துமசுக்கு நீங்க கீழ பீச்சுல நிக்கலாம். ஒரு சின்னக் கடுதாசிதான். போன தடவை மாதிரியே."

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். வெளியே போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை, நான் எப்போதும் வெளியே போகிறவன். உள்ளே எனக்கு மாமாவின் மூச்சு கேட்டது. அடுத்த வாரம் லிஃப்ட் என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வழியில் போனால் மே மாதம்கூட நிச்சயமில்லை.

பிறகு சொன்னார்: "ஹார்க்கர், போன தடவை நீ சன்னல் குடுத்த. நல்ல சன்னல். பன்னெண்டு வருஷமா அது வழியா நான் கடலப் பாத்துக்கிட்டிருக்கேன். கூட உக்காந்து பாக்கத்தான் ஆளில்ல. லிஃப்டையும் நீயே வச்சுக்க."

"யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல..."

"படி பாத்து எறங்கு. முப்பத்தாறு இருக்கு. நடுவுல உக்கார எடம் கிடையாது."

ஹார்க்கர் போனதும் நான் வெளியே வந்தேன். மாமா, "குழாய் மாட்டிட்டியா?" என்று மட்டும் கேட்டார். மாட்டவில்லை என்றேன். "அப்புறம் என்ன வேடிக்கை? போ."

எதிர்மனு கொடுக்க அவர்களுக்கு ஜனவரி 19 வரை நேரம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இந்த ஊர் வெண்ணெய் இறால் ஒரு டப்பா அனுப்புகிறேன் என்று எழுத நினைத்தேன், உங்கள் தபாலை நம்பி இறால் அனுப்ப முடியாது.

ஃப்ரேசர்


ஸ்டென்சே
9 ஜனவரி 2024

அன்புள்ள ஃப்ரேசருக்கு,

புது வருட வாழ்த்து. நலம். புயலில் விமானம் பதினோரு நாள் வரவில்லை, எங்கள் எல்லோருக்கும் வெண்ணெய் தீர்ந்துவிட்டது, மனிதர்கள் கொஞ்சம் குணம் மாறினார்கள்.

உன் கடிதத்தை ஸ்கோலே கிழவரிடம் படித்துக் காட்டினேன். பெயர்களைச் சொல்லவில்லை. "அந்த ஆளு யாரு?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர்" என்றேன். "உனக்கு வீட்டுக்காரர் இருக்காரா? பன்னெண்டு வருஷமா சுவரு கட்டறேன் உன்கூட, சொல்லவே இல்லியே" என்றார். "நீங்க கேக்கலையே" என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

உன் மாமாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? இரவிலா, காலையிலா? தலைக்கு இரண்டு தலையணை வைக்கச் சொல்.

அன்புடன் அத்தை


2024 ஜனவரி 22, திங்கட்கிழமை, காலை 8 மணி. எதிர்மனு 0.

அன்புள்ள அத்தைக்கு,

நலம். கெடு வெள்ளிக்கிழமை முடிந்தது. எதிர்மனு வரவில்லை. வெள்ளி மாலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை நானும் வின்னியும் வாசல் தபால் பெட்டிக்கு முன் உட்கார்ந்திருந்தோம், அவர் சூப்போடும் நான் சந்தேகத்தோடும். வந்தது ஒரு பீட்சாக் கடை விளம்பரம்.

ஆகவே சட்டப்படி மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 22, திங்கட்கிழமை, நிர்வாகம் எங்களுடையது. உங்களுடையதும்தான்.

முதலில் எதைச் சரி செய்வது என்று ஓட்டெடுத்தோம். வின்னி வீட்டுச் சன்னல்தான் எல்லாவற்றையும்விட மோசம், கையை வைத்தால் மரம் பிசுபிசுவென்று வரும். அவர் சொன்னார்: "நான் கடல்லயே குளிக்கறவ, எனக்கு எதுக்குச் சன்னல்? லிஃப்டப் பாருங்க." ஆறு ஓட்டும் லிஃப்டுக்கே.

இருமல் காலையில். இரண்டு தலையணை வைத்தாயிற்று. யார் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். மூன்றாவதும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஃப்ரேசர்


ஸ்டென்சே
2 ஏப்ரல் 2024

அன்புள்ள ஃப்ரேசருக்கு,

நலம். ஆடுகள் குட்டி போடுகின்றன, தூக்கம் இல்லை.

மே 4 சனிக்கிழமைப் படகில் இடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிறு மாலை உங்கள் ஊர் மோர்கம் வந்துவிடுவேன். நம் கம்பெனியின் உறுப்பினர் என்ற முறையில் கட்டடத்தைப் பார்வையிட எனக்கு உரிமை இருக்கிறது. எவ்வளவு நாள் என்று சுவரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். ஸ்கோலே கிழவர் என் பங்கைப் பார்த்துக்கொள்கிறாராம், எண்பத்திரண்டு வயதில்.

லிஃப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கவலையில்லை. எனக்கு முப்பத்தாறு படி ஏறத் தெரியும்.

யாரிடமும் சொல்லாதே.

அத்தை


2024 ஏப்ரல் 22, திங்கட்கிழமை, காலை 11 மணி 20 நிமிடம். வீடுகள் 12. சாவிகள் 9. பூட்டு 1, திறந்தாயிற்று.

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? ஆட்டுக்குட்டிகள் நலமா? முதல் கடிதத்திலிருந்து இன்றுவரை 231 நாள்.

காலை ஒன்பது மணிக்கு ஹார்க்கர் ஒரு பையனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தனுப்பினார், தான் வரவில்லை. ஒன்பது ஐந்துக்கு மோட்டார் அறையைத் திறந்தேன். வின்னி கடிகாரத்தோடு வாசலில் நின்றார். "இருபது நிமிஷம்னு சொன்னியே கண்ணு, ஆரம்பிக்கட்டுமா?"

இருபது நிமிடம் என்று நான் சொன்னது தப்பு. மோட்டாரின் பல்சக்கரம் பாதி தேய்ந்திருக்கிறது. கம்பிவடத்தில் ஏழு இழை அறுந்திருக்கிறது. அவர்கள் பூட்டியது சோம்பலால்தான், ஆனால் அன்று அதை நான் ஓட்டியிருந்தால் யாராவது உள்ளே மாட்டியிருப்பார்கள். புதுச் சக்கரம் வார்த்து வர ஐந்து வாரம். பொருத்த நான்கு நாள், சோதனைக்கு ஒரு நாள். ஜூன் 1. நகராட்சிப் பெண் வருவது ஜூன் 10. இடையில் ஒன்பது நாள் இருக்கிறது. என் வேலையில் ஒன்பது நாள் என்பது ஒரு ராஜ்யம்.

மாமாவிடம் போய்ச் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டு. "அஞ்சு வாரம் தானே மாப்ள" என்றார். "ஹார்க்கர் ஆளு அன்னிக்கு வந்து அப்படியே ஓட்டிவிட்டிருந்தா நான் இந்நேரம் பாதி வழியில தொங்கிட்டிருப்பேன்." அதற்குச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, அது அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. அடங்கியதும் சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இன்னும் தரவில்லை.

இனி நான் செய்யப் போவது:

1. இன்று பிற்பகல் பல்சக்கரத்துக்கும் கம்பிவடத்துக்கும் அளவெடுத்து ஆர்டர் கொடுப்பேன். இரண்டு முறை அளப்பேன்.

2. மோட்டார் அறைக்கு நம்முடைய பூட்டுப் போட்டு, ஒரு சாவியை வின்னியிடம் கொடுப்பேன்.

3. பன்னிரண்டு வீட்டின் குத்தகைப் பத்திரங்களையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பேன்.

4. முதல் மாடித் திருப்பத்தில் ஒரு மடக்கு இருக்கை பொருத்துவேன். அங்கே ஆணியடிக்க இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

5. மே 5, ஞாயிறு மாலை, ரயில் நிலையத்தில் நிற்பேன். பையை நான் தூக்குகிறேன், வாதாட வேண்டாம்.

6. மாமாவிடம் எதுவும் சொல்ல மாட்டேன்.

7. நீங்கள் வருவதற்கு முந்தைய நாள், வின்னி வீட்டில் இருக்கும் உங்கள் நாற்காலியை முப்பத்தாறு படி தூக்கிக்கொண்டு போய் ஏழாம் வீட்டுச் சன்னலருகே, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டுவிடுவேன். எதற்கு என்று அவர் கேட்டால் மட்டும் பதில் சொல்வேன். அவர் கேட்பார்.